ஏழாம் அத்தியாயத்தில் மழை இல்லை

முதலில் கொச்சிக்காயை எடுத்தேன்.
சாத்தியின் மீன்குழம்பு வெளிறிப்போனது.
மிளகை இடித்துப் போட்டேன், புளியைக் கூட்டினேன்,
இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின உறைப்பு
எப்படியிருக்கும் என்று என் நாக்கிலேயே பார்த்ததில்
மூன்று நாள் வயிற்றெரிவு.

பிறகு துறைமுகத்தடியில் கச்சான் விற்றவளை.
பாவம், நல்ல வாய்க்காரி,
அவளுக்கென்று ஒரு பக்கம் முழுதாக வைத்திருந்தேன்.
அந்தக் கொட்டை அப்போது கடல் தாண்டியிருக்கவில்லை.
கச்சான் காற்றை மட்டும் விட்டுவைத்தேன்.

அதற்குப் பின் வீடு.
யன்னலைக் கழற்றினேன், பறங்கிச் சொல்.
மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி,
துவாய்கூட.
மலைக்கோயிலை இடித்துக் கடலில் தள்ளியவர்கள்
எங்கள் வீட்டுக்குள் இத்தனையும்
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
சாத்தி வெறுந்தரையில் குந்தியிருந்தாள்.
நான் கதிரையில் இருந்து
மேசையில் கடுதாசியை விரித்து
பேனையால்
அவளிடம் இனி என்ன மிச்சம் என்று கணக்கெடுத்தேன்.

ஒரு பாய். ஒரு நாழி. விரலிடுக்குகளில் உப்புப் புண்.
இன்று நிலாவெளி என்கிற கரையின் உப்பை
கோகர்ணத் துறையில் அளந்து கொடுப்பவள்.
அரசன் எவனென்று அவளுக்குத் தெரியாது.
பதிப்பாளர் கேட்கிறார்:
ராசா எங்கே, யானை எங்கே,
அட்டைக்கு ஒரு வாளாவது வேண்டாமா?
தட்டச்சுச் செய்கிற பிரணவிக்கு வேறு சந்தேகம்:
"சாத்தி என்றால், எதைச் சாத்தி, அக்கா?"

ஏழாம் அத்தியாயத்தில்
அவள் மகன் ஏறிப்போன கப்பல் திரும்புகிறது.
மார்கழி என்று வைத்திருந்தேன், அடைமழை.
பாய்மரம் கரைந்து தெரிந்து கரைகிற இரண்டு பக்கம்,
நான் எழுதியதில் எனக்கே பிடித்தவை.
பாலையூற்று வஸ்தியான் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.
வலைக்கண்ணிலிருந்து கை எடுக்காமல் கேட்டார்.
"எங்கயிருந்து வருது கப்பல்?"
தெற்கால.
"மார்கழியிலயா? வாடைக்கு எதிரா?
என்ன, எஞ்சின் பூட்டினதோ?"

ஆனிக்கு மாற்றினேன்.
சோளகம் பின்னால் நின்று தள்ளும், சரி.
ஆனால் ஆனியில் இங்கே மழை ஏது?
மண் வெடிக்கிற வெயில், கண் கூசுகிற கடல்.
அந்த இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நின்றேன்.
கோட்டையிலிருந்து இறங்கி வந்த புள்ளிமான் ஒன்று
லஞ்ச் சீட் என்று நினைத்து இழுத்தது.
விட்டுவிட்டேன்.
நிதானமாக மென்றது, என் மழையை.

வெயிலில் எதையும் மறைக்க முடியாது.
கப்பல் தூரத்திலிருந்தே முழுசாய்த் தெரியும்.
இறங்குகிறவர்களைச் சாத்தி
உப்பளக்கிற பழக்கத்தில் எண்ணுவாள்.
எண்ணி முடிந்த பிறகும் நிற்பாள்.
நிற்கிறவள் கையில் ஏதாவது இருக்கவேண்டும்.
சாவி என்று எழுதினேன்,
வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே வந்திருப்பாள்.
அதுவும் பறங்கிச் சொல்.
வெட்டினேன்.
அகராதியில் திறவுகோல் இருக்கிறது,
கோபுரவாசலுக்குச் சரி, குடிசைக்குக் கனம்.
பிறகுதான் உறைத்தது,
எங்கள் வீட்டில் ஒருநாளும் சாவி என்றதில்லை.
திறப்பு.
பூட்டப் போகும்போதும்
திறப்பு எங்கே என்றுதான் தேடுவோம்.

சம்பூர் வீட்டுத் திறப்பு
பேனைப் பெட்டியின் அடியில் கிடக்கிறது.
இரண்டாயிரத்து ஆறில் பூட்டியது.
திரும்பிப் போக விட்டபோது
கிணற்றை வைத்துத்தான் வளவைக் கண்டுபிடித்தோம்.
கதவு நின்ற இடத்தில் எருக்கலை,
இடுப்புயரத்துக்கு, பூத்து.

எடுத்துப் பார்த்தேன். மூன்று பல்.
சாத்தியின் திறப்பு மரத்தாலானது,
மூன்று பல், என்று எழுதினேன்.
இதற்கு ஆதாரம் கேட்டு
எந்தப் பேராசிரியரும் கடிதம் போடமாட்டார்.

கப்பலில் இனி இறங்க ஆளில்லை.
நாழியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு
அவள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள்.
வேகமாக நடக்கிறாள்.
கதவை நான் இன்னும் எழுதவில்லை.